இல்லாத சாமான்களுக்கு ஓர் அமர்வு

மாநாட்டின் இணையதளத்தில் இருந்த படிவத்தில் பதினான்கு கட்டங்கள். அதை அச்சிட்டு எடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் எண் போட்டேன். கைக்கு எது வந்தாலும் முதலில் எண் போட்டுவிடுவது என் பழக்கம். அமர்வின் தலைப்பு, முந்நூறு சொற்களுக்குள் சுருக்கம், பேசப்போகிறவர்கள், அவர்களுடைய நிறுவனம், பதவி, கல்வித் தகுதி, மொழி, துணை ஆவணம் என்று பெரும்பாலும் வழக்கமானவைதான். எட்டாவது கட்டம் மட்டும் ஒரு கேள்வி. இந்த அமர்வில் கேட்பதை வேறு எங்கும் கேட்க முடியாது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

எதை வைத்து என்று எனக்குத் தெரியும். அது திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்து மளிகைக் கடையில், தராசுக்குப் பக்கத்து ஆணியில், சணல் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில ஆண்டுகள் அவை. செல்போன் இன்னும் எல்லார் கைக்கும் வந்திருக்கவில்லை. எனக்கு இருபத்துநாலு வயது. எம்.சி.ஏ. முடித்துவிட்டு, மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் இணைய மையங்கள் அமைக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் பயிற்சியாளராக இருந்தேன். ஊருக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு பிரிண்டர், கூரை மேல் ஓர் ஆன்டெனா. மையத்தை நடத்துபவர் அந்த ஊர்க்காரராகவே இருப்பார். மையம் அவருக்கே சொந்தம். நாங்கள் பயிற்சி கொடுப்போம், பழுது பார்ப்போம், மாதம் ஒரு முறை போய் என்ன நடந்தது என்று எழுதிக்கொண்டு வருவோம். அதற்காகப் பத்துச் சேவைகளுக்குப் பத்துக் கட்டங்கள் போட்ட ஒரு தாளை நானே தயாரித்திருந்தேன். கலெக்டருக்கு மனு, சான்றிதழ் விண்ணப்பம், தேர்வு முடிவு, ஜாதகம், நோய் வந்த பயிரின் படம் இப்படி. ஒருவர் வந்து ஒரு வேலையை முடித்துக்கொண்டு போனால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. மாதக் கடைசியில் கோடுகளை எண்ணுவேன்.

ஒரு மாதம், அந்த மளிகைக் கடை மையத்தின் தாளில் கோடுகள் மிகக் குறைவாக இருந்தன. மையத்தை நடத்திய அக்கா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், ப்ளஸ் டூ படித்தவர். கணவருடைய கடையில் அரிசி மூட்டைகளை ஒதுக்கி, ஓர் ஓரத்தில் கம்ப்யூட்டரை வைத்திருந்தார். பயிற்சி வகுப்பு எடுத்த நாளிலிருந்து என்னை ‘டீச்சரு’ என்றுதான் கூப்பிடுவார்.

“ஏன்க்கா, இந்த மாசம் ஆளே வரலையா?”

“வராம என்ன டீச்சரு. வந்தாக, கேட்டாக, இல்லைன்னு சொல்லி அனுப்பிச்சேன். இல்லைன்னு சொன்னதுக்கு ஒங்க தாள்ல கட்டமே இல்லையே.”

அப்போதுதான் அந்த நோட்டை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

எங்கள் பக்கத்து மளிகைக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது வந்து கேட்ட சாமான் கடையில் இல்லையென்றால், வெறுமனே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட மாட்டார்கள். ஒரு நோட்டில் அதைக் குறித்துக்கொள்வார்கள். வாரம் ஒரு முறை சரக்கு எடுக்க மதுரை சிம்மக்கல் மொத்தக் கடைகளுக்குப் போகும்போது அந்த நோட்டும் கூடப் போகும். அக்காவின் கணவர் திங்கட்கிழமைதோறும் அப்படிப் போய்வருகிறவர். நோட்டின் இடது பக்கங்களில் அவர் கையெழுத்து, கல்லுப்பு, பெருங்காயக் கட்டி, சாம்பிராணி, அரிக்கேன் திரி. வலது பக்கங்களில் அக்காவின் கையெழுத்து.

“கடையில இல்லாதது அந்தப் பக்கம். கம்ப்யூட்டர்ல இல்லாதது இந்தப் பக்கம்,” என்றார். “ஒரே நோட்டுத்தான். எதுக்கு ரெண்டு?”

அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து வலது பக்கங்களைப் படித்தேன்.

மகன் சவூதியில். மூன்று மாதமாகப் போன் இல்லை. எங்கே இருக்கிறான் என்று கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும். இல்லை.

கால்வாயில் தண்ணீர் எந்தத் தேதியில் திறப்பார்கள்? இல்லை.

அனுப்பின மனுவை ஆபீசில் யார் படித்தார்? பெயர் வேண்டும். இல்லை.

கண் தெரியாத பெரியவர். தனக்கு வந்த கடிதத்தைக் கம்ப்யூட்டரே வாய்விட்டுப் படிக்குமா? குடும்ப விஷயம், ஆள் படிக்க வேண்டாம். இல்லை.

பெண் கேட்டு வந்த மாப்பிள்ளை குடிப்பாரா? தெரிந்துகொள்ள வழி இல்லை.

“இதுக்கு மட்டும் ஏன்க்கா நீட்டி எழுதியிருக்கீங்க?”

“வெறுமனே இல்லைன்னு எழுதுனா மாப்ளைக்கு நல்ல பேராப் போயிருமே டீச்சரு.”

கடைக்கு வந்திருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு கணக்கு உதைத்துக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்டுகளாக, நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்தவற்றில் எதை மக்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று மட்டுமே நான் எண்ணி வந்திருக்கிறேன். அவர்கள் என்ன கேட்டார்கள் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு தாள்கூட இல்லை.

“அந்தப் பக்கத்துச் சாமான் சிம்மக்கல்லுல கெடைச்சுரும்,” என்றார் அக்கா. “இந்தப் பக்கத்துச் சாமான் எங்க கெடைக்கும்? எடம் தெரிஞ்சா நானே பஸ் ஏறிப் போயிக் கேட்டுட்டு வந்துருவேன்.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்து நான் வரும்போது அந்த இடத்தைச் சொல்வேன் என்று நம்பித்தான் கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து மாநாட்டு அறிவிப்பு வந்தது. டிஜிட்டல் சமூகம் பற்றிய மாநாடு, பெங்களூரில், மூன்று நாள். மென்பொருள் எழுதுகிறவர்கள், அரசு அதிகாரிகள், ஆராய்ச்சியாளர்கள் என்று பல நாடுகளிலிருந்து வருகிறார்கள். அமர்வு நடத்த விரும்புகிறவர்கள் முன்மொழிவு அனுப்பலாம். அக்கா கேட்ட இடம் இதுதான் என்று எனக்கு உடனே தோன்றியது. மூன்று விஷயங்களை முடிவு செய்து குறிப்பேட்டில் எழுதினேன். பேசுவது அக்கா. பேசும் மொழி தமிழ். பேசுவது எங்களால் முடிந்ததைப் பற்றி அல்ல, முடியாததைப் பற்றி. இந்த மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுத்தாலும் அனுப்புவதில் பொருளில்லை.

எங்கள் ஒருங்கிணைப்பாளர் ஐம்பதை நெருங்கியவர். குரலை உயர்த்தியே பார்த்ததில்லை. என் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இல்லாததப் பத்திப் பேசுறதுக்கு ஒரு செஷனாம்மா? இருக்கிறதச் சொல்லவே நமக்கு நேரம் பத்தாது.”

“இருக்கிறத எல்லாரும் சொல்லுவாங்க சார்.”

“அந்தம்மா இங்கிலீஷ்ல பேசுமா?”

“தமிழ்லதான் சார் பேசுவாங்க. மொழிபெயர்ப்பு வேணும்னு கட்டம் பன்னெண்டுல கேட்டிருக்கேன்.”

“எங்கெங்க இருந்தோ வர்றவன் ஹெட்போனை மாட்டிக்கிட்டு மளிகைக் கடை நோட்டைக் கேப்பான்னு நெனைக்கிற.”

“கேக்கணும்னு நெனைக்கிறேன் சார்.”

அவர் சிரித்தார். ஆனால் ஒரு சிக்கலையும் சொன்னார். ஒரு நிறுவனத்துக்கு ஒரு முன்மொழிவுதான். அவருடையது தயாராக இருந்தது. எங்கள் மையங்களின் சாதனைகள், வரைபடங்களோடு. அந்த விதியை நானும் படித்திருந்தேன்.

“மையம் அவங்களுக்குச் சொந்தம் சார். அவங்க பேர்ல அனுப்புறோம். நான் ரெண்டாவது பேரு.”

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். “அனுப்பு. ஆனா ஆபீஸ் மெயில் வேண்டாம், லெட்டர்ஹெட் வேண்டாம். இல்லாததோட பட்டியல்ல நம்ம பேரு வந்தா மேல இருந்து எனக்குப் போன் வரும்.”

அதனால் படிவத்தை அக்காவின் கடையிலேயே உட்கார்ந்து நிரப்பினோம். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. நாங்கள் உட்கார்ந்தது புதன்கிழமை மத்தியானம், கடையில் கூட்டம் குறைந்த நேரம்.

“நிறுவனம்,” என்று படித்தேன்.

“கடை பேரப் போடுங்க,” என்றார் அவருடைய கணவர், துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே. “பெங்களூர்ல இருந்து யாவாரம் வரட்டும்.”

“நீங்க சும்மா இருங்க. டீச்சரு, மையம்னு போடுங்க.”

“பதவி?”

“இதுக்கு முன்னாடி ஒக்காந்தா மையம் நடத்துறவ. இவரு வெளிய போயிட்டா பருப்பு நிறுக்குறவ. எதப் போடுவீக?”

“முதலாளியம்மான்னு போடுங்க,” என்றார் கணவர். “நான் பயப்படுற மாதிரி அவுகளும் பயப்படட்டும்.”

மைய உரிமையாளர் என்று போட்டேன். கல்வித் தகுதிக்கு வந்தபோது அக்காவின் குரல் இறங்கியது. “ப்ளஸ் டூன்னு பாத்ததும் ஒதுக்கிருவாகளோ?”

“அதுக்காக ஒதுக்குற எடம்னா, அங்க நம்ம நோட்டு போகவேண்டியதில்லைக்கா.”

எட்டாவது கட்டத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டே வரிகள் எழுதினேன். இந்த மாநாட்டுக்கு வருகிறவர்கள் தாங்கள் செய்த பொருளைக் கொண்டுவருவார்கள். நாங்கள், எங்களிடம் கேட்டுக் கிடைக்காத பொருள்களின் பட்டியலைக் கொண்டுவருகிறோம். துணை ஆவணம் மூல மொழியிலேயே இருக்கலாம் என்று குறிப்பு இருந்தது. நோட்டின் வலது பக்கங்களை அக்காவின் கம்ப்யூட்டரில் தமிழில் அழகாகத் தட்டச்சு செய்து, எண் போட்டு, கட்டம் கட்டி இணைத்தேன். கடைசிப் பொத்தானை அவரை அழுத்தச் சொன்னேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அழுத்தினார்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு மாநாட்டு அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சலைப் பார்த்தேன். துணை ஆவணம் சிதைந்திருக்கிறது, படிக்க இயலவில்லை. இன்று மாலை ஐந்து மணிக்குள் சரியான கோப்பு வராவிட்டால் முன்மொழிவைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

நான் இருந்தது கோரிப்பாளையத்தில், தர்காவுக்குப் போகும் வழியில் ஒரு பாய் நடத்திய பிரௌசிங் சென்டரில். அலுவலகம் அடுத்த தெருவில்தான், ஆனால் அங்கே செய்யக் கூடாது என்று பேச்சு. அனுப்பிய கோப்பை அந்தக் கம்ப்யூட்டரில் திறந்தேன். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. அரைப்புள்ளிகளும் கேள்விக்குறிகளும் தலையில் மீசை முளைத்த ஆங்கில எழுத்துகளும் நான் கட்டிய கட்டங்களுக்குள் வரிசையாக நின்றன.

பார்த்ததுமே புரிந்துவிட்டது. அந்த நாட்களில் தமிழைத் தட்டச்சு செய்ய ஆளுக்கொரு எழுத்துரு. ஒன்றில் அடித்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டருக்குப் போனால் இப்படித்தான் ஆகும். பயிற்சி வகுப்பில் மூன்றாம் பாடமே அதுதான். தமிழ்க் கடிதம் அனுப்பினால் எழுத்துருவையும் கூடவே அனுப்பு. பலகையில் எழுதி, எல்லாரையும் நோட்டில் எழுத வைத்திருந்தேன். நான் அனுப்பவில்லை. அனுப்பிய மறுநாள் எங்கள் மையங்களின் மூன்று கம்ப்யூட்டர்களில் திறந்து பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. மூன்றிலும் அந்த எழுத்துருவை ஏற்றியது என் கைதான். வீட்டில் நாங்கள் பேசும் சௌராஷ்டிர மொழியை எந்த விசைப்பலகையிலும் அடிக்க முடியாது என்று தெரிந்தே வளர்ந்தவள் நான். தமிழுக்கு அந்தக் குறை இல்லை, அது எங்கேயும் போய்ச் சேரும் என்று நினைத்துவிட்டேன்.

குறிப்பேட்டை எடுத்து வழிகளை எழுதினேன். எழுத்துருவை அனுப்பலாம், அதை ஏற்றிப் பார்க்க அவர்கள் மெனக்கெடுவார்களா? புதிதாக வந்திருந்த யூனிகோடு முறைக்கு மாற்றலாம். அந்தச் சென்டரின் பழைய கம்ப்யூட்டர்களில் அது வெறும் சதுரங்களாகத் தெரியும். தவணை கேட்கலாம், கேட்டால் கிடைக்காது. மூன்றையும் அடித்துவிட்டு, பாயின் போனிலிருந்து அக்காவின் கடைக்குப் பேசினேன்.

“அக்கா, நாம அனுப்புனது அங்க போயிப் பூச்சி பூச்சியா நிக்குது.”

“எழுத்துருவ அனுப்பலையா டீச்சரு?”

“இல்லைக்கா,” என்றேன்.

“வகுப்புல எங்கள அம்புட்டு வெரட்டுனீகளே,” என்றார். சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். “சரி விடுங்க. மனு அனுப்புற மாதிரி அனுப்பிருவோம்.”

மையங்களில் மனு அனுப்பும் முறை எனக்குத் தெரியும். ஆரம்பித்த சில மாதங்களிலேயே எல்லாரும் தட்டச்சைக் கைவிட்டிருந்தார்கள். மனுவைக் கையால் எழுதி, ஸ்கேனரில் வைத்து, படமாக அனுப்புவார்கள். படம் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். என் அறிக்கைகளில் அதை ஒரு குறையாகவே எழுதி வந்தேன். தட்டச்சுப் பயிற்சி போதவில்லை.

“அக்கா, இது டிஜிட்டல் மாநாடு. கையெழுத்துல அனுப்புனா என்ன நெனைப்பாங்க?”

“அவுக படிக்கணுமா, நாம டைப் அடிச்சோம்னு அவுகளுக்குத் தெரியணுமா?”

போனின் மறுமுனையில், கடையில் யாரோ கால் கிலோ வெல்லம் கேட்பது கேட்டது.

“நோட்ட ஸ்கேன் பண்ணுங்கக்கா,” என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு ஆறு படங்கள் வந்து சேர்ந்தன. திறந்து பார்த்தால், நோட்டை அப்படியே விரித்துக் கவிழ்த்து வைத்து எடுத்திருந்தார். வலது பக்கம் சவூதி மகன், கால்வாய், மனு. இடது பக்கம் கல்லுப்பு, பெருங்காயக் கட்டி, சாம்பிராணி, நடுவில் ஓர் எண்ணெய்க் கறை. இதை யாருக்கும் காட்ட முடியாது என்று, முதல் படத்தின் இடது பாதியை வெட்ட ஆரம்பித்தேன்.

பாய் வந்து பின்னால் நின்றார். “ஜும்மாவுக்கு நேரமாச்சு தங்கச்சி. பன்னெண்டேகாலுக்குக் கடைய அடைக்கணும்.” பிறகு அடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, “இதென்ன, சாம்பிராணி, அரிக்கேன் திரி. கடைச் சீட்டுல்ல?” என்றார். அவர் கண் வலது பக்கத்துக்குப் போனது. ஒவ்வொரு வரியாக அடிவரை படித்தார். கண் தெரியாத பெரியவரின் வரியை இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன்.

“சிம்மக்கல்லுக்குக் கொண்டுபோற நோட்டு,” என்றார். “இந்தப் பக்கத்துச் சரக்கு எடுக்க எங்க போறீங்க?”

“பெங்களூருக்கு பாய்.”

“அங்க கெடைக்குமா?”

“கேட்டுப் பாக்கத்தான் எழுதிக்கிட்டு இருக்கேன்.”

அவரிடம் நான் எதையும் விளக்கியிருக்கவில்லை. ஒருங்கிணைப்பாளருக்கு இரண்டு பக்கம் எழுதியும் புரியவைக்க முடியாததை, எண்ணெய்க் கறை படிந்த இடது பக்கம் அரை நிமிடத்தில் புரியவைத்திருந்தது. வெட்டிய பாதியைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

“பாய், எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் வேணும்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “நான் தொழுதுட்டு வாரேன். ஷட்டர பாதி எறக்கிட்டுப் போறேன், ஒனக்கு வெளிச்சம் வரும். யாரும் எட்டிப் பாத்தா கடை லீவுன்னு சொல்லு. ஃபேனப் போட்டுக்க.”

அந்த ஒரு மணி நேரம்போல நான் அதற்கு முன்பும் வேலை செய்ததில்லை, அதற்குப் பின்பும் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே வரிக்கு வரி ஆங்கிலம். வலது பக்கம் எளிதாக வந்தது. இடது பக்கம்தான் படுத்தியது. சாம்பிராணிக்கு ஆங்கிலச் சொல் நினைவுக்கு வரவே இல்லை. மாலையில் வீட்டில் புகை போடும் பிசின் என்று எழுதினேன். முதல் தாளில் மளிகைக் கடை வழக்கத்தைப் பற்றி நான்கு வரிகள். படங்கள் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தன. நிறத்தை எடுத்து, அளவைக் குறைத்து, எழுத்து இன்னும் படிக்க முடிகிறதா என்று பார்த்து, மறுபடி குறைத்து, ஒரே கோப்பாகக் கட்டினேன். ஏற்றும்போது நீலக் கோடு ஊர்ந்து ஊர்ந்து முக்கால்வாசியில் நின்றுவிட்டது. நான் சுட்டியைத் தொடவில்லை. ஷட்டருக்குக் கீழே தொழுகை முடிந்து திரும்புகிறவர்களின் கால்கள் தெரிய ஆரம்பித்தபோது, உங்கள் ஆவணம் பெறப்பட்டது என்ற வரி வந்தது.

பாய் குனிந்து உள்ளே வந்தார். “போயிருச்சா?”

“போயிருச்சு பாய்.”

“சரக்கு வந்ததும் சொல்லு,” என்று ஷட்டரை முழுவதும் தூக்கினார்.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. அலுவலகத்தில், என் மேசையில் உட்கார்ந்து படித்தேன். முன்மொழிவு ஏற்கப்பட்டது. முப்பது நிமிடம் கேட்டிருந்தோம். தொண்ணூறு நிமிடம் கொடுத்திருந்தார்கள், இரண்டாம் நாள் காலை, பெரிய அரங்குகளில் ஒன்றில். மொழி தமிழ், மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஏற்பாடு செய்யப்படும். தேர்வுக் குழுவில் ஒருவர் எழுதிய குறிப்பையும் கீழே சேர்த்திருந்தார்கள். தயவுசெய்து இடது பக்கத்தை நீக்கிவிடாதீர்கள், நான் ஒரு கடைக்காரரின் மகள், அதைப் பார்த்த பிறகு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கடிதத்தை அச்சிட்டு ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்.

“தொண்ணூறு நிமிஷம்,” என்றார். “என்னை போஸ்டர்தான் ஒட்டச் சொல்லியிருக்காங்க, தெரியுமா? சாப்பாட்டு ஹாலுக்குப் போற வழியில.” கண்ணாடியைத் துடைத்தார். “பரவால்லம்மா. போஸ்டர் ஓரத்துல ஒங்க செஷன் நேரத்த எழுதி ஒட்டுறேன். போற வர்றவங்க பாப்பாங்க.” சொன்னபடியே செய்தார், சிவப்பு மையில்.

அன்று மத்தியானமே திருமங்கலம் பஸ் ஏறினேன். அக்கா கடிதத்தின் ஆங்கிலத்தை விரல் வைத்து மெதுவாகப் படித்துக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

“எம் பேரு மொதல்ல இருக்கு டீச்சரு.”

“ஆமாக்கா. நீங்கதான் நடத்துறீங்க. நான் கூட வாரேன்.”

அவருடைய கணவர் கடலை மிட்டாய் பாட்டிலின் மூடியைத் திறந்து வெளியே வைத்தார். உப்பு வாங்க வந்தவர், சோப்பு வாங்க வந்தவர், பக்கத்துத் தையல்காரர் எல்லாருக்கும் கொடுத்தார். “என்ன விசேஷம் அண்ணே?” என்று கேட்டவர்களிடம், “முதலாளியம்மா பெங்களூருக்குச் சரக்கெடுக்கப் போறாக,” என்றார்.

பெங்களூரில் எங்களுக்குக் கொடுத்த அரங்கில் நூறு பேருக்கு மேல் உட்காரலாம். பாதி நிறைந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஆரம்பிக்கும்போது பின்வரிசை மட்டும்தான் காலி. நான் தயாரித்த அறிமுகத்தை அக்கா ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“வணக்கம். எங்க ஊர்ல நாங்க ஒரு கடை வச்சிருக்கோம். கடையில இல்லாதத இந்த நோட்டுல எழுதுவோம்.”

படிக்க ஆரம்பித்தார். அவர் ஒவ்வொரு வரியையும் ‘இல்லை’ என்று முடித்துச் சற்று நிறுத்தியபோது, ஹெட்போன் மாட்டியிருந்தவர்களுக்கு அது ஒரு நொடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை வரிக்குச் சிரிப்பு முதலில் தமிழ்க்காரர்களிடமிருந்தும், பிறகு மற்றவர்களிடமிருந்தும் இரண்டு அலைகளாக வந்தது. கண் தெரியாத பெரியவரின் வரிக்குப் பிறகு யாரும் நாற்காலியில் அசையவில்லை. மூன்று பக்கம் படித்துவிட்டு நோட்டைக் கீழே வைத்தார். நன்றி சொல்லி முடிப்பார் என்று நினைத்து அமர்வின் நெறியாளர் எழுந்தார்.

“இதுல எது ஒங்ககிட்ட இருக்கு?” என்று கேட்டார் அக்கா.

நெறியாளர் மறுபடி உட்கார்ந்தார். பிறகு மூன்றாம் வரிசையில் ஓர் இளைஞர் எழுந்தார். தமிழை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்றைத் தன் கல்லூரியில் எழுதிக்கொண்டிருப்பதாகவும், குரல் இன்னும் கரகரவென்று இருப்பதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“கரகரன்னு இருந்தா என்ன தம்பி. அந்தப் பெரியவரு குரலே அப்படித்தான் இருக்கும். இங்க வந்து ஒங்க பேரையும் நம்பரையும் அந்த வரிக்குப் பக்கத்துல எழுதுங்க.”

அவர் மேடைக்கு வந்து எழுதினார். அடுத்து வேறு மாநிலத்து அதிகாரி ஒருவர். மனுவை யார் கையில் வைத்திருக்கிறார் என்று தங்கள் மாவட்டத்தில் பெயரோடு சொல்லிவிடுகிறோம், அதன் முறையை அனுப்புகிறேன் என்றார். அவரும் வந்து எழுதினார். பாசனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், தண்ணீர் திறக்கும் தேதியை முன்கூட்டி எங்கே கேட்க வேண்டும் என்று எழுதினார். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்ற வரிசை மெல்லக் கலைந்து, நோட்டுக்கு முன்னால் வரிசையாக மாறியது. சவூதி மகனின் வரிக்கு மட்டும் யாரும் வரவில்லை. அக்கா அதை விடவில்லை. “இதுக்குத் தெரிஞ்சவங்க வெளிய இருந்தாலும் சொல்லி விடுங்க,” என்றார். ஒரு பெண் எழுந்து, வெளிநாடு போனவர்களுக்காக வேலை செய்யும் தன் தோழியைக் கூப்பிட அரங்கை விட்டு ஓடினார்.

நான் மேடை ஓரத்தில் உட்கார்ந்து, யார் எந்த வரிக்கு எழுதினார்கள் என்று குறிப்பேட்டில் எண் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டு, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறு நிமிடம் முடிந்து மணி அடித்தது. யாரும் எழவில்லை. அடுத்த அமர்வுக்கு வந்தவர்கள் கதவைத் திறந்து, உள்ளே நிற்கும் வரிசையைப் பார்த்துத் தயங்கினார்கள். நெறியாளர் அக்காவிடம் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். அக்கா கதவுப் பக்கம் திரும்பினார்.

“ஏன் நிக்கிறீக? வாங்க, ஒக்காருங்க. இன்னும் மூணு பக்கம் இருக்கு.”

மொழிபெயர்ப்பாளரின் குரல் ஒரு நொடி கழித்து எல்லார் காதிலும் போய்ச் சேர்ந்தது. அரங்கு முழுவதும் சிரித்தது. வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்து, இடம் கிடைத்த வரிசைகளில் உட்கார்ந்தார்கள். அக்கா பக்கத்தைத் திருப்பினார்.